வெந்த எலும்பும் பச்சை எலும்பும்

ஓர் ஆட்டுக்கால் எலும்பு ஆறு பெண்களின் வேலையைக் காப்பாற்றியது என்று நான் ஆரம்பித்தாலே என் பிள்ளைகள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நூறு தடவை கேட்டாயிற்றாம். கேட்கட்டும். நூற்றியோராவது தடவையும் சொல்வேன். வாழ்க்கையில் நான் நாலு பேர் முன்னால் வாதாடி ஜெயித்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். அதையும் வாயை மூடிக்கொண்டு வைத்திருக்க நான் என்ன மகானா?

எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்னப் பட்டறை. அங்கே கருப்பாக ஒரு பொடியைச் சூடான அச்சில் கொட்டி, பிரஸ்ஸில் அழுத்திப் பல்சக்கரம் செய்வார்கள். பொடி உருகி, இறுகி, கல் மாதிரி வெளியே வரும். நூல் மில்களில் இரும்புச் சக்கரத்தோடு இரும்புச் சக்கரம் ஓடினால் சத்தம் காதைப் பிளக்கும். ஒன்றை மட்டும் இந்தக் கருப்புச் சக்கரமாக மாற்றினால் சத்தம் பாதியாகக் குறையும். அதனால் எங்கள் பட்டறைக்கு நல்ல பெயர் இருந்தது.

அச்சிலிருந்து வரும் சக்கரத்தில் பல்லுக்குப் பல் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அரத்தால் தேய்த்து எடுப்பதுதான் எங்கள் வேலை. நாங்கள் ஆறு பெண்கள். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அயனம்பாக்கத்திலிருந்து ஏரிக்கரை மேல் நடந்து வருவேன். என் அம்மா அடுத்தவர் கழனியில் குனிந்தே காலம் கழித்தவள். எங்கள் வீட்டில் முதுகை நிமிர்த்தி ஸ்டூலில் உட்கார்ந்து, தலைக்கு மேல் ஃபேன் சுற்ற வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அந்த ஸ்டூலிலிருந்து என்னை எழுப்ப எவன் வந்தாலும் சும்மா விடுவதில்லை என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே முடிவு செய்திருந்தேன்.

எனக்கு அடுத்த ஸ்டூலில் சேக்காட்டு அக்கா. ஆவடியில் ரயில் ஏறி வருவாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், வாய்த்துடுக்கும் அந்த அளவுக்கு அதிகம். அவள் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய் வீட்டோடு கிடந்தார். அக்கா வேலைக்கு வந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். மற்ற நால்வருக்கும் இதே போல ஏதாவது ஒன்று இருந்தது. யாரும் பொழுது போகாமல் வேலைக்கு வரவில்லை.

அந்தத் தை மாதத்தில் ஒரு மில்லிலிருந்து சக்கரங்கள் திரும்பி வந்தன. ஒரு கோணிப்பை நிறையப் பல் உடைந்த சக்கரங்கள். எங்கள் சூப்பர்வைசர் பூந்தமல்லிக்காரர், கெட்டவர் இல்லை, ஆனால் குற்றம் தன் பக்கம் வந்துவிடுமோ என்று எப்போதும் பயந்துகொண்டே இருப்பவர். ஒவ்வொரு சக்கரத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைந்த பல்லின் அடியில் எல்லாம் ஒரு சின்னக் கீறல். அரம் பட்ட கீறல்.

"இத்த பாருங்க மொதலாளி. பொம்பளைங்க பிசிறு எடுக்கும்போது அரத்த ஆழமா உட்டுடறாங்க. கீறல் உழுந்த எடத்துலதான் பல்லு போயிகீது. பொடி மேல தப்பு இல்ல, பிரஸ் மேல தப்பு இல்ல. கைதான் தப்பு" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இண்டு இடுக்கில் அரத்தைப் போட்டுத் தேய்த்தால் தலைமுடி அளவுக்குக் கீறல் விழத்தான் செய்யும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பற்களைத் தேய்க்கிற கை அது. கீறலே விழாமல் தேய்க்கிற கையை ஆண்டவன் இன்னும் படைக்கவில்லை.

முதலாளி இன்ஜினியரிங் படித்தவர். அதிர்ந்து பேச மாட்டார். கோணிப்பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சனிக்கிழமையோட ஆறு பேரும் நின்னுக்கோங்கம்மா. பிசிறு எடுக்க ஒரு மெஷின் வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றார். அன்றைக்குத் திங்கட்கிழமை.

அக்கா அரத்தைக் கீழே வைத்தாள். ஒருத்தி அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபத்தில் என்ன பேசுகிறோம் என்று யோசிக்கிற பழக்கம் எனக்கு என்றைக்கும் கிடையாது.

"மொதலாளி, ஒரு கீறலுக்கே செத்துப்போற சாமானு இன்னா சாமானு? ஆட்டுக் காலு கீதே, அதுல கசாப்புக் கடை பாய் கத்தி படாத எடம் கீதா? எலும்பு மேல அம்மாம் கீறல் கீது. ஒடையுதா அது? குறுக்கால போட்டா கத்திதான் எகிறும். எங்க கைய சொல்றீங்களே, சாமான சொல்ல மாட்டீங்களா?"

சூப்பர்வைசர் சிரித்தார். "கேட்டீங்களா? எலும்பையும் சக்கரத்தையும் ஒண்ணா வெச்சுப் பேசுறா."

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. படித்தவர்களிடம் அந்த ஒரு நல்ல குணம் உண்டு, புதிதாக ஒன்றைக் கேட்டால் கோபத்தை மறந்துவிடுவார்கள். "எலும்பு ஒடையாதுன்னு சொல்றியா? கீறல் போட்டாலும்?" என்றார்.

"ஒடையாது."

"காட்டு."

காட்டு என்றால் எலும்புக்கு எங்கே போவது? அக்காவிடம் இருந்தது. முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டில் ஆட்டுக்கால் குழம்பு. எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு திங்கட்கிழமை மதியம்தான் ருசி பிடிக்கும். அக்கா டிபன் கேரியரைத் திறந்து, குழம்பிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு கால் எலும்பை எடுத்துக் குழாயடியில் கழுவிக் கொடுத்தாள். வேறு யோசனையே எங்கள் யாருக்கும் வரவில்லை. எலும்பு என்றால் எங்களுக்குக் குழம்பில் இருப்பதுதான்.

பட்டறையில் கையால் சுற்றுகிற ஒரு பிரஸ் இருந்தது. மேலே சக்கரம், நடுவில் திருகு, கீழே மேடை. மேடை மேல் இரண்டு இரும்புக் கட்டைகளைத் தள்ளித் தள்ளி வைத்து, எலும்பை அவற்றின் குறுக்கே படுக்க வைத்தார்கள். எலும்பின் அடிப்பக்கத்தில் முக்கோண அரத்தால் நான் ஒரு கீறல் போட்டேன். முதலாளி சைவம். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி நின்றார். சூப்பர்வைசர் சக்கரத்தைச் சுற்றினார்.

கால் சுற்றுகூட ஆகவில்லை. பொட்டென்று எலும்பு இரண்டாகிவிட்டது.

பிரஸ் ஓட்டுகிற ஆண்கள் எல்லாரும் வந்து நின்றிருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது. சூப்பர்வைசர் எலும்புத் துண்டுகளை என் கையில் கொடுத்து, "போ, கொயம்புலயே போட்டுக்கோ" என்றார். முதலாளி தன் அறைக்குப் போனார். அவர் எதிர்பார்த்து ஏமாந்தார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

அக்காவுக்கு என் மேல் கொலைவெறி. "உன்ன எவுடி பேச சொன்னது? கால்ல கையில உழுந்தாவது இருந்துருப்பேன். உதார் உட்டு எல்லாத்தையும் கெடுத்துட்டியே. இந்தா, இத்தயும் நீயே துன்னு. எனுக்கு எறங்காது" என்று கேரியர் கிண்ணத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். நானும் சாப்பிடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கிண்ணத்தைக் கழுவ எடுத்தேன். தை மாதக் குளிர். குழம்பு கெட்டியாகி, கிண்ணத்தைச் சாய்த்தால் நகராமல் ஆடியது. விரலால் தொட்டேன். விரலும் விரலும் ஒட்டிக்கொண்டன. பசை! ஆட்டுக்கால் குழம்பு ஆறினால் இப்படித்தான் உறையும், சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன், இந்தப் பசை எங்கிருந்து வந்தது? தண்ணீரில் பசை இல்லை. மிளகாய்த்தூளில் இல்லை. காலில் சதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அப்படியானால் எலும்பிலிருந்தும் அதன் மேலிருக்கும் தோல் நரம்பிலிருந்தும்தான் வந்திருக்க வேண்டும்.

உடைந்த துண்டு என் முந்தானை முடிச்சில் இருந்தது. எடுத்து நகத்தால் சுரண்டினேன். சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தது. பச்சை எலும்பை நகத்தால் சுரண்டினால் இப்படி உதிருமா? கத்திக்கே மசியாதே. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எலும்பைக் கெட்டியாகப் பிடித்திருந்த பசையை எல்லாம் ராத்திரி முழுக்க அடுப்பில் வேகவைத்து எடுத்துவிட்டு, வெறும் சுண்ணாம்பைக் கொண்டுபோய் பிரஸ்ஸில் வைத்திருக்கிறேன்! சைவக்காரர் முன்னால், அதுவும் குழம்பு எலும்பை! என்னையே நாலு அறை அறையலாம் போல இருந்தது. அதே நேரம் சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நேராக முதலாளி அறைக்குப் போனேன். "மொதலாளி, நேத்து வெச்சது வெந்த எலும்பு. பச்ச எலும்பு கொண்டாறேன். இன்னொரு வாட்டி பாருங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "வெந்தா என்ன மாறும்?"

"பசை கொயம்புக்குப் போயிடுது. அது இல்லாத எலும்பு சாக்பீஸ் மாதிரி."

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு" என்றார்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஆடு அறுப்பார்கள். ஆவடி மார்க்கெட்டில்தான் வாரநாளிலும் கிடைக்கும். கோபம் தணியாமலே அக்கா போய் விசாரித்து வந்தாள், வெள்ளிக்கிழமை காலையில் கிடைக்கும் என்று. ஆனால் அவள் தன் வீட்டுக்காரருக்காக மாங்காட்டம்மனுக்கு ஆறு வெள்ளிக்கிழமை விரதம் வேண்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கவிச்சியைத் தொடுவது இருக்கட்டும், அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அதனால் விடிந்ததும் நானே முதல் பஸ் பிடித்து ஆவடிக்குப் போனேன்.

கடையில் பாய் ஒரு காலை எடுத்து அடுப்பில் வாட்டப் போனார். முடி போக ஆட்டுக்காலை நெருப்பில் வாட்டித்தான் கொடுப்பார்கள். நான் போட்ட கூச்சலில் அவர் கை அப்படியே நின்றது.

"வாட்டாத பாய்! நெருப்பே படக்கூடாது!"

"வாட்டாம முடியோடவா கொயம்பு வெப்ப?"

"கொயம்புக்கு இல்ல. எங்க பட்டறையில பிரஸ்ல வெச்சு அமுக்கணும்."

பாய் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். பாவம், இந்த வயதில் இப்படி ஆகிவிட்டதே என்கிற பார்வை. இருந்தாலும் பச்சைக் காலாகவே வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார்.

ரயிலில் அக்கா இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள். மடியில் அம்மனுக்கு வைத்த எலுமிச்சம்பழம். "என் பக்கம் காத்துகூட வரக்கூடாது" என்றாள். பொட்டலத்தோடு நான் ஜன்னலோரம். எஸ்டேட் வந்ததும் குழாயடியில் உட்கார்ந்து, தோலையும் நரம்பையும் கத்தியால் நானே உரித்து எடுத்தேன். வெள்ளையாக, ஈரமாக, மினுமினுவென்று எலும்பு வந்தது. எட்டிப் பார்த்த ஆண்களில் இரண்டு பேர் மட்டும்தான் இந்தத் தடவை சிரித்தார்கள்.

முதலாளி நியாயமானவர். எலும்பின் கனத்துக்கே கருப்புப் பொடியில் ஒரு தண்டு வார்த்து வைத்திருந்தார். என் எலும்பு நடுவில் வெறும் குழாய், அவர் தண்டு முழுக்கக் கெட்டி. எனக்குப் பாதகம்தான், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இரண்டிலும் ஓர் அரிசி ஆழத்துக்கு ஒரே அரத்தால் கீறல் போட்டோம்.

முதலில் தண்டு. சூப்பர்வைசர் சக்கரத்தைப் பிடித்து அரைச் சுற்று சுற்றுவதற்குள் டப் என்று சத்தம். கீறல் போட்ட இடத்தில் நேராக, கண்ணாடி உடைந்தது போல மழமழவென்று இரண்டு துண்டு.

அடுத்து எலும்பு. அரைச் சுற்று. ஒன்றும் ஆகவில்லை. முக்கால் சுற்று. எலும்பு மெல்ல வளைந்தது. வளைவதை நான் கண்ணால் பார்த்தேன்! ஒரு சுற்று. கிர்ரென்று சின்ன முனகல். கீறலின் வாய் திறந்தது. வெடிப்பு மேலே ஏறியது, நெல்மணி அளவு, அவ்வளவுதான். அங்கே ஏதோ தடுக்கியது. நேரே போக வேண்டிய வெடிப்பு பக்கவாட்டில் திரும்பி, எலும்பின் நீளத்துக்கு ஓடி, கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது.

"இன்னும் சுத்து" என்றார் முதலாளி.

ஒன்றேகால் சுற்று. இன்னொரு வெடிப்பு கிளம்பியது, அதுவும் இரண்டு எட்டு வைத்துத் திரும்பியது. சிலும்பு சிலும்பாக நார் எழுந்தது. ஒன்றரைச் சுற்று. எலும்பு வளைந்து, பிளந்து, முனகி, ஆனாலும் ஒரே எலும்பாக அங்கேயே படுத்திருந்தது. சூப்பர்வைசர் சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி நின்றிருந்த அக்கா பொறுக்க முடியாமல் கத்தினாள். "இன்னாடி ஆச்சு? ஒடஞ்சுதா இல்லியா? சொல்லித் தொலையேன்!"

"ஒடையல யக்கா! ஒடையல!" என்று நான் கத்திய கத்தல் எஸ்டேட் முழுக்கக் கேட்டிருக்கும். ஆடினேன் என்றுகூடச் சொல்கிறார்கள். ஆடியிருப்பேன்.

முதலாளி செய்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிது. கைக்குட்டையை எங்கேயோ போட்டுவிட்டு, பிரஸ்ஸிலிருந்து அந்தப் பச்சை எலும்பை வெறுங்கையால் எடுத்தார். அச்சு சோதிக்கிற லென்ஸைக் கொண்டுவரச் சொல்லி, பிளந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் கொடுத்தார். முதலில் ஒன்றும் புரியவில்லை. கண் பழகியதும் தெரிந்தது. எலும்பு ஒரே கட்டி இல்லை. வெங்காயத்தை உரிப்பது போல அடுக்குக்கு மேல் அடுக்கு, மெல்லிய அடுக்கு. பிளந்த இடம் படிக்கட்டாக இறங்கியது. ஓர் அடுக்கு உடைந்த இடத்தில் அடுத்த அடுக்கு உடையவில்லை, அதற்கு அடுத்தது வேறெங்கோ விட்டிருந்தது.

"பார்த்தியா, வெடிப்பு ஒரு அடுக்கைத் தாண்டினதும் நடுவுல இருக்கற பசை இளகிக் கொடுக்குது. அடுத்த அடுக்குக்குள்ள நேரா நுழைய முடியாம வெடிப்பு பக்கத்துல ஓடிடுது. ஓடி ஓடியே அதோட வேகம் செத்துப்போகுது. நம்ம சாமான்ல தடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. கீறல் விழுந்தா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே ஓட்டம்" என்றார் முதலாளி. எங்களுக்குச் சொல்கிற மாதிரி ஆரம்பித்தாலும் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார்.

எனக்கு அது முழுக்கப் புரிந்தது. ஓடுகிற ஆடு ஒவ்வோர் எட்டுக்கும் தன் காலில் எத்தனை அடி வாங்கும்? எத்தனை கல்லில் இடறும்? எலும்பில் எங்காவது ஒரு நுண்ணிய வெடிப்பு எந்நேரமும் இருக்கத்தான் செய்யும். வெடிப்பே வராமல் பார்த்துக்கொள்வது எலும்பின் வேலை இல்லை. வந்த வெடிப்பை வந்த இடத்திலேயே நிறுத்துவதுதான் அதன் கெட்டிக்காரத்தனம்.

"நாளைக்கு யாரும் நிக்க வேண்டாம். மூணு வாரம் பார்ப்போம். கீறல் விழுந்தாலும் தாங்கற சக்கரம் செய்ய முடிஞ்சா தப்பு சாமான் மேலன்னு ஒத்துக்கறேன். முடியலன்னா நான் மெஷின் வாங்கித்தான் ஆகணும்" என்றார் முதலாளி.

கத்தி கழுத்திலிருந்து இறங்கவில்லை, கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தார்கள், அவ்வளவே. ஆனால் அந்த மூன்று வாரம் நான் வேலைக்குப் போன மாதிரி அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. பொழுது விடிவதற்காகக் காத்திருந்து ஓடினேன்.

எலும்பில் சக்கரம் செய்ய முடியாது. அடுக்குக்கு என்ன செய்வது? முதலாளி காகிதம் என்றார். அக்காதான் காடாத் துணி என்றாள். காடாத் துணியை முழம் முழமாகக் கிழித்து, எங்கள் கருப்புப் பொடியை இறுக வைக்கிற பிசினையே தண்ணீர் பதத்தில் வாங்கி அதில் முக்கி, பட்டறைக்குள் கொடி கட்டிக் காயப்போட்டு, அடுக்கி, சூட்டில் பலகையாக அழுத்தினோம். முதல் பலகையில் பிசின் அதிகமாகிவிட்டது. அடுக்கே தெரியாமல் மறுபடியும் ஒரே கட்டி, மறுபடியும் டப். அடுத்ததில் துணியை நன்றாகப் பிழிந்தோம். அது ஒரு பக்கம் வைத்து அழுத்தினால் நன்றாகத் தாங்கியது, திருப்பி வைத்தால் விரிசல் விட்டது.

முதலாளி தலையைச் சொறிந்தார். அக்கா பலகையை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாத் துணியையும் ஒரே வாட்டத்துல போட்டுகீறீங்க. துணி நூலு ஓடுற வாட்டத்துல நேரா கியியும், கோணவாட்டத்துல இஸ்தா கியியாது. ஒண்ண நேராப் போடு, அடுத்தத திருப்பிப் போடு, அதுக்கு அப்பால கோணையாப் போடு. அப்ப எந்தப் பக்கம் கியிக்கறதுன்னு அதுக்கே கொயப்பமா பூடும்" என்றாள். இன்ஜினியரிங் படித்தவர் துணிக்கட்டை அக்கா பக்கம் நகர்த்தினார். பிறகு, "நீங்களே அடுக்குங்கம்மா" என்றார்.

ஆறு பெண்களும் அடுக்கினோம். துணிப் பலகையில் பல்சக்கரம் செய்வதை வெளிநாட்டில் நாங்கள் பிறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பல வருஷம் கழித்து ஒரு கேட்லாக்கில் பார்த்தேன். கண்டுபிடித்திருக்கட்டும், எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. அவர்கள் எங்கள் பட்டறைக்கு வந்து சொல்லவில்லையே. எங்களுக்குச் சொன்னது ஆட்டுக்கால்தான்.

மூன்றாவது வாரத்தின் கடைசி நாள். அந்தப் பலகையில் வெட்டிய சக்கரத்தைச் சோதனை மோட்டாரில் இரும்புச் சக்கரத்தோடு சேர்த்து மாட்டினார்கள். மோட்டாரைப் பட்டென்று போட்டு, பட்டென்று நிறுத்தி, மறுபடி போட வேண்டும். அந்தக் குலுக்கலில்தான் பல் போகும். ஒப்பிட்டுப் பார்க்க முதலில் கருப்புச் சக்கரம் ஒன்றைக் கீறல் போட்டு மாட்டினார்கள். மூன்றாவது தடவை போட்டதும் ஒரு பல் தெறித்துச் சுவரில் அடித்தது.

துணிச் சக்கரத்துக்கு நான் அரத்தை எடுத்தேன். சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். "இவ போட்டா மேலோட்டமாப் போடுவா மொதலாளி."

"அப்ப நீயே போடு" என்றார் முதலாளி.

போட்டார். நான்கு பற்களின் அடியில், நாங்கள் எந்த நாளும் போட்டிராத ஆழத்துக்கு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா மட்டும் இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

மோட்டாரைப் போட்டார்கள். நிறுத்தினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. பல் அப்படியே இருந்தது. பத்து. இருபது. எண்ணுகிற குரல்கள் கூடிக்கொண்டே போயின, சிரித்த ஆண்களும் சேர்ந்து எண்ணினார்கள். ஐம்பதில் முதலாளி நிறுத்தச் சொல்லி லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒரு பல்லின் ஓரத்தில் துணி நார் கொஞ்சம் சிலும்பியிருந்தது. கீறலிலிருந்து கிளம்பிய வெடிப்பு இரண்டு அடுக்கு தாண்டி, பக்கவாட்டில் திரும்பி, நின்றிருந்தது. மறுபடி போடச் சொன்னார். நூறு ஆனது. அதற்கு மேல் எண்ண யாருக்கும் பொறுமை இல்லை, மோட்டாரை ஓடவே விட்டுவிட்டார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். வெட்கமே இல்லாமல், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவ்வளவு சந்தோஷமாக அழுதேன்.

முதலாளி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "நான் ஒத்துக்கிட்டேன். நீ?"

சூப்பர்வைசர் எங்கள் ஆறு பேரையும் பார்த்தார். தரையைப் பார்த்தார். ஓடுகிற சக்கரத்தைப் பார்த்தார். அப்புறம் உதடு அசைந்தது. "உங்க கை மேல தப்பு இல்ல."

அக்கா காதுக்குப் பின்னால் கையைக் குவித்தாள். "இன்னா அண்ணாத்தே? மெஷினு சத்தத்துல ஒண்ணும் காதுல உழல."

அவர் போய் மோட்டாரை நிறுத்தினார். சக்கரம் சுற்றி நிற்கும் வரை காத்திருந்தார். பிறகு பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி, முதலிலிருந்து மறுபடி சொன்னார்.